ஒரு வருட லைசென்ஸில் ஒரு மலை

கேமரன் மலையின் திரிங்காப்பில் மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் முதலில் கேட்பது பிளாஸ்டிக் கூரைகளின் சத்தம்தான். சாலையின் இரு பக்கமும் சரிவு முழுக்கக் கட்டியிருக்கும் காய்கறிக் கொட்டகைகள் ஒரே நேரத்தில் தடதடவென்று அதிரும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அரை மணி நேரத்தில் கூரைத் தண்ணீரெல்லாம் சேர்ந்து கால்வாயில் இறங்கும். காலையில் கணுக்காலளவு தெளிந்து ஓடிய நீர், மாலையில் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் முழங்கால் உயரத்துக்குப் புரண்டு போகும்.

அப்படி ஒரு மழைக்கு ஒரு விவசாயியின் கொட்டகையில் ஒதுங்கினேன். அறுபதைத் தாண்டியவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர்கள். இவர் இருபது சொச்சம் வயதில் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு ஏக்கர் சரிவில் முட்டைக்கோஸ் போட ஆரம்பித்தார். கால்வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதில போறது என் மண்ணுதான் தம்பி. எனக்குத் தெரியாதா?"

"கரையில கல்லு வச்சுக் கட்டலாமேண்ணே" என்றேன்.

எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தார். ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். எல்லாமே லைசென்ஸ். எல்லாவற்றிலும் முடியும் தேதி டிசம்பர் 31. நடுவில் சில வருடங்களுக்குத் தாளே இல்லை, விண்ணப்ப ரசீது மட்டும் இருந்தது. "இதை நம்பி எவன் கல்லு வாங்குவான்?" என்று கேட்டார்.

கேமரன் மலையின் நிலம், நீர், மின்சாரம் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத எந்த அறிக்கையும் இந்த மலைக்கு உதவாது என்பது என் எண்ணம்.

அவர் கையிலிருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். டி.ஓ.எல். என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் உள்ள ஏற்பாடு அது. எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த ஆண்டோடு முடிந்துவிடும். புதுப்பித்தால்தான் உண்டு. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் போய்விடும், மகன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பெயரிலேயே 'தற்காலிகம்' என்று இருக்கும் ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை இந்தச் சரிவில் விவசாயம் செய்திருக்கிறது.

ஒரு வருடம்தான் நிலம் என்றால் மனிதன் ஒரு வருடத்துக்குத்தான் யோசிப்பான். கல் வரப்பு போட்டால் பலன் தெரிய ஐந்து வருடம் ஆகும். ஓடைக்கரையில் மரம் வைத்தால் பத்து வருடம். கீரை ஒரு மாதத்தில் காசு கொடுக்கும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பேராசைக்காரர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது. காட்டை இரவோடு இரவாக இயந்திரம் வைத்து வெட்டியவர்களும் இந்த மலையில் உண்டு. பணம் போட்டவர் வேறு ஊரில், பெயர் ஒருவருடையது, வேலை செய்பவர் வெளிநாட்டுத் தொழிலாளி என்று நடக்கும் தோட்டங்களும் உண்டு. அவர்கள் வேறு, இந்த இரண்டு ஏக்கர்க்காரர் வேறு. சட்டம் இருவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. அகப்படுபவர் பெரும்பாலும் இரண்டாமவர்தான்.

இப்போது அந்தக் கலங்கல் தண்ணீரின் பின்னாலேயே போவோம். கேமரன் மலைக்காரர்கள் பலருக்கே இந்தப் பாதை முழுதாகத் தெரியாது.

திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூவேலி என்று வடக்கே இருக்கும் ஊர்களின் மழைநீர் தெலோம் ஆற்றிலும் அதன் ஓடைகளிலும் இறங்குகிறது. இயற்கை விட்டிருந்தால் தெலோம் கிழக்கே போய், பெர்தாம் ஆற்றைப் போலவே ஜெலாய் ஆற்றில் கலந்து, பஹாங் நதியாகிப் பெக்கானில் தென்சீனக் கடலைத் தொடும். மனிதன் அதைத் திருப்பிவிட்டான். தெலோமில் ஒரு தடுப்பைக் கட்டி, நீரை மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாகத் தெற்கே ஹபுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹபுவில் ஒரு சிறிய மின்நிலையம், 5.5 மெகாவாட். அங்கிருந்து ரிங்லெட் ஏரி. 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணை தேக்கி வைத்திருக்கும் ஏரி அது. ஏரியிலிருந்து இன்னொரு சுரங்கம் மேற்கே இறங்கி, 100 மெகாவாட் சுல்தான் யூசோப் மின்நிலையத்தைச் சுழற்றுகிறது. ஜோர் நிலையம் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் கீழே பேராக் பக்கத்தில் 150 மெகாவாட் வோ மின்நிலையம். கிழக்கே போக வேண்டிய தண்ணீர் மலையைத் துளைத்துக்கொண்டு மேற்கே போய், கடைசியில் மலாக்கா நீரிணையில் விழுகிறது.

சுதந்திரம் கிடைத்த மறுவருடமே, 1958இல், உலக வங்கி மலாயாவுக்குக் கடன் கொடுத்தது இந்தத் திட்டத்துக்காகத்தான். இளம் நாட்டுக்கு மின்சாரம் தேவைப்பட்டது, மலை கொடுத்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் திட்டம் போட்டவர்கள் கண்ட மலையில் காடும் தேயிலையும் இருந்தன. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் மக்கள் நட்ட தேயிலை அது. தேயிலைச் செடி மண்ணை விட்டுக் கொடுக்காது. வேர் ஆழம் போகும். கவ்வாத்து வெட்டிப் போட்ட இலையும் குச்சியும் தரையை மூடிக் கிடக்கும். ஒருமுறை நட்டால் பாட்டன் நட்டதைப் பேரன் பறிக்கலாம். காய்கறி அப்படியில்லை. வருடத்துக்கு மூன்று நான்கு முறை கிளற வேண்டும். ஒவ்வொரு கிளறலுக்கும் ஒரு மழை வரும்.

அந்த மண்ணெல்லாம் ரிங்லெட் ஏரியில் வந்து உட்கார்ந்தது. சுமார் 6.3 மில்லியன் கன மீட்டர் கொள்ளளவும் எண்பது ஆண்டு ஆயுளும் கணக்கிட்டுக் கட்டிய ஏரி, ஐம்பது ஆண்டு ஆவதற்குள் பாதி அளவுக்கு வண்டலால் நிரம்பிவிட்டது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் வருடம் முழுக்கத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறது. வாரியதைக் கொட்ட மலையில் சமதளம் ஏது? ரிங்லெட் போகிறவர்கள் ஏரிக்கரையில் நிற்கும் இயந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். நடு ஏரியில் புல் முளைத்த திட்டுகளையும் பார்த்திருப்பீர்கள்.

ஏரியில் இடம் குறைந்தால் பெருமழையைத் தாங்கும் சக்தியும் குறையும். 2013 அக்டோபர் 23, நள்ளிரவுக்குப் பிறகு நடந்தது அதுதான். மழை நிற்கவில்லை, ஏரி ததும்பியது. அணைக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்று மதகைத் திறந்தார்கள். கீழே பெர்தாம் வேலியில் மக்கள் தூக்கத்தில் இருந்தார்கள். ஆற்றை ஒட்டி வீடுகள், கொட்டகைகள், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கிய தகர அறைகள். ஆறு குறுகிப்போயிருந்தது, வந்த தண்ணீருக்கு ஒதுங்க வழியில்லை. உயிர்கள் போயின. கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படங்களை நாடே பார்த்தது. ஓராண்டு கழிந்து 2014 நவம்பர் 5இல் ரிங்லெட், பெர்தாம் வேலிப் பக்கம் மீண்டும் சேற்று வெள்ளம், மீண்டும் சாவு. அதற்குப் பிறகு காடு வெட்டியவர்கள்மேல் பெரிய அளவில் அமலாக்கம் நடந்தது. சில மாதம் மலை அமைதியாக இருந்தது.

2016இல் உலு ஜெலாய் மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. 372 மெகாவாட், மேலே சொன்ன பழைய நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. அதன் சூசு அணை, பெர்தாம் ஆற்றில் பெர்தாம் வேலிக்கும் கீழே நிற்கிறது. அந்த ஊர் இன்று ஓர் அணைக்குக் கீழும் இன்னோர் அணைக்கு மேலும் வாழ்கிறது. அங்குள்ள பிள்ளைகள் அணைச் சைரன் சத்தத்தின் அர்த்தம் படித்துக்கொண்டு வளர்கிறார்கள்.

யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வோர் அலுவலகமும் அடுத்ததைக் காட்டும். அரசியலமைப்பே அப்படிப் பிரித்து வைத்திருக்கிறது. நிலம், காடு, ஆறு மாநிலத்தின் பட்டியலில். மின்சாரம் மத்திய அரசிடம். குடிநீர் விநியோகம் 2005 திருத்தத்துக்குப் பிறகு இருவருக்கும் பொது. லைசென்ஸ் கொடுப்பது நில அலுவலகம், மண்ணை வாருவது மின்வாரியம், குடிநீரைச் சுத்தம் செய்வது இன்னொரு நிறுவனம். ஒரே மழைத்துளி மூன்று இலாகாவைக் கடக்கிறது. அந்த மூவரும் ஒரே மேசையில் உட்காரும்போது மலையில் வாழ்பவனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. நிலத்தைத் திறக்கும் விஷயத்திலும் இப்படித்தான். 1987இல் வந்த சுற்றுச்சூழல் ஆணை, காட்டை விவசாய நிலமாக்கும் திட்டம் 500 ஹெக்டரைத் தொட்டால்தான் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்றது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கராகத் திறந்த மலையில் அந்த ஆணைக்கு என்ன வேலை? துண்டு துண்டாகப் போனது மலை. மொத்தமாக ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

நம்மவர்கள் பக்கம் நின்று பேசும்போதும் சில உண்மைகளைச் சொல்லத்தான் வேண்டும். 2019இன் தொடக்க மாதங்களில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்களை அதிகாரிகள் இயந்திரம் கொண்டுவந்து அகற்றினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பல பத்தாண்டு பாடுபட்ட நிலம், லைசென்ஸ் கிடைக்கும் என்று நம்பியிருந்தோம் என்றார்கள். அது குடிநீருக்கான நீர்ப்பிடிப்பு, பூச்சிமருந்து ஆற்றில் கலக்கிறது என்றது அரசாங்கம். அப்போது நாடாளுமன்ற இடைத்தேர்தலும் நடந்ததால், விஷயம் கட்சிச் சண்டையாகிப் போனது. ஆனால் இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. குடிக்கிற தண்ணீருக்கு மேலே மருந்து அடிக்கக்கூடாது. அந்தத் தண்ணீரை நம் பிள்ளைகளும்தான் குடிக்கிறார்கள். அதே சமயம், இத்தனை ஆண்டு கண்ணுக்கு எதிரே நடந்த விவசாயத்தை, மாற்று நிலம் கையில் கொடுக்காமல் இயந்திரத்தை விட்டு அழிப்பது எந்த ஊர் நியாயம்? தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தோட்டத்தில் ஓர் அடி நிலம் சொந்தமில்லை. வெளியே வந்து சரிவில் உழைத்தால் அதுவும் தற்காலிகம். முட்டைக்கோஸ் பிடுங்கிப் போட்ட பாத்திகளின் ஓரத்தில் பெண்கள் உட்கார்ந்து அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தப் பேச்சில் நமக்கும் முந்தியவர்கள் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள். அவர்களில் செமாய் மக்களுக்குத் தெலோம், பெர்தாம், லெமோய் ஆறுகள் அணைக்கான நீர்வளம் மட்டுமல்ல, வீட்டுத் தண்ணீர், மீன், பாட்டன் புதைந்த இடம். மேலே நாம் கிளறிய மண் கீழே அவர்கள் குளிக்கும் ஆற்றைக் கலக்கியது. அவர்களின் மரபு நில உரிமையை 2002இல் சாகோங் தாசி வழக்கில் நீதிமன்றம் ஏற்றது, 2005இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அந்த 2019 இடைத்தேர்தலில்தான் நாட்டிலேயே முதன்முறையாக ஓர் ஒராங் அஸ்லி, ரம்லி முகமட் நோர், மக்களவைக்குத் தேர்வானார். இருந்தும் பக்கத்துக் கிளந்தானில் 300 மெகாவாட் நெங்கிரி அணைக்கு எதிராகத் தெமியார் இனத்து ஒராங் அஸ்லி மக்கள் எழுப்பிய குரலைத் தாண்டித்தான் கட்டுமானம் நடக்கிறது. நிலக் கோரிக்கை வைக்கும் தமிழ் விவசாயி, ஒராங் அஸ்லி கிராமத்தாரோடு சேர்ந்து வைக்க வேண்டும். தனியாக வைத்தால் ஒருவர் வயிற்றை இன்னொருவர் வயிற்றோடு மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது சுலபம்.

மலையில் குரல் கொடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. 'ரீச்' என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு பல ஆண்டுகளாக அழிந்த காட்டில் மரம் நடுவதும், நீர் பற்றிப் பேசுவதும், சட்டவிரோதமாகக் காடு வெட்டுவதைப் பத்திரிகைக்குக் கொண்டுவருவதுமாக இருக்கிறது. வெள்ளம் வந்த வாரம் அவர்கள் பேட்டி முதல் பக்கத்தில் வரும், பிறகு மறந்துபோகும்.

கேட்டால் கிடைக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். இரண்டுமே தீவுகள்.

இலங்கையின் தலவாக்கலையில் மேல் கொத்மலை மின்திட்டம், 150 மெகாவாட். நம்மைப் போலவே லயத்தில் பிறந்த மலையகத் தமிழர்களின் ஊர். சென்கிளேயர் அருவி வற்றிவிடும், தோட்டக் குடியிருப்புகள் போய்விடும் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் உட்பட மலையகக் கட்சிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றன. அணையைத் தடுக்க முடியவில்லை. 2012இல் அது திறந்தது. ஆனால் எதிர்ப்பு வீண்போகவில்லை. பகல் நேரத்தில் அருவிக்குத் தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனையானது. இடம்பெயர்ந்த சுமார் 500 குடும்பங்களுக்குப் புது வீடுகள் கட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. லயத்தில் ஒற்றை அறையில் வாழ்ந்தவனுக்குத் தனி வீடு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று ஹவாயின் ஓவாஹு தீவு. கரும்புத் தோட்ட முதலாளிகள் மலையைக் குடைந்து, ஈரமான கிழக்குப் பக்கத்து ஓடைகளை வறண்ட மறுபக்கத்துக்குத் திருப்பினார்கள். 1916இல் முடிந்த அந்த வயாஹோலே கால்வாயும் நம் தெலோம் சுரங்கமும் உடன்பிறப்புகள் போல. எண்பது ஆண்டு ஓடைகள் வற்றிக் கிடந்தன. கரும்பு ஆலை மூடப்போவது தெரிந்ததும், சேம்பு பயிரிடும் சிறு விவசாயிகள் 'எங்கள் தண்ணீரைத் திருப்பி விடுங்கள்' என்று கேட்டார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த மாநில உச்ச நீதிமன்றம், தண்ணீர் மக்கள் சொத்து, அரசு அதன் காவலாளி மட்டுமே, ஓடைக்கு உரியதை முதலில் ஓடைக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்க்கு என்ற கொள்கையை நிலைநாட்டியது. கேட்டவர்கள் பெரிய நிறுவனமோ கட்சியோ இல்லை. சேற்றில் இறங்கிச் சேம்பு நட்டவர்கள்.

நாம் என்ன கேட்க வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. நீண்ட காலக் குத்தகை வேண்டும். ஒரு தலைமுறை நிற்கிற அளவுக்கு, குறைந்தது இருபது ஆண்டு. சும்மா கேட்கக்கூடாது. ஓடைக்கரையிலிருந்து விலகி நடுவேன், செங்குத்துச் சரிவில் கிளறும் பயிரை விட்டுத் தேயிலையோ மரப்பயிரோ வைப்பேன், கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிப்பேன், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே மருந்து அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். மீறினால் குத்தகை போகட்டும். அப்போது அந்தத் தாளுக்கு ஒரு மதிப்பு வரும், அதைக் காப்பாற்ற விவசாயியே கல் சுமப்பார்.

அடுத்தது மின்சாரப் பணம். இந்த மலையின் தண்ணீர் அறுபது ஆண்டுக்கு மேலாக டர்பைன்களைச் சுழற்றுகிறது. 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க சக்திக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது. நீர்மின்சாரத்துக்கு இனிக் கிராக்கி கூடத்தான் செய்யும். ஏரியைத் தூர்வாரக் கோடிக்கணக்கில் செலவாகிறது. அதில் ஒரு பங்கை மேலேயே, மண் கிளம்பும் இடத்திலேயே செலவழித்தால் என்ன? ஒரு வரப்புக்குக் கல், ஒரு கொட்டகைக்குத் தொட்டி, ஓடைக்கரைக்கு மரக்கன்று. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் சூழலியல் நிதி 2019இல் 60 மில்லியன் ரிங்கிட்டாகத் தொடங்கி 2025 வரவு செலவுத் திட்டத்தில் 250 மில்லியனுக்கு வந்திருக்கிறது. நல்ல காரியம். அது மாநிலக் கஜானாவோடு நின்றுவிடக்கூடாது. தெலோம் கரைக் கிராமம் வரை வந்து சேர வேண்டும்.

மூன்றாவதாக ஒரு மேசை. தெலோமுக்கும் பெர்தாமுக்கும் சேர்த்து ஒரே மேசை. நில அலுவலகமும் மின்வாரியமும் குடிநீர்க்காரர்களும் உட்காரும் அதே மேசையில் திரிங்காப் விவசாயி, தோட்டத் தொழிலாளி, செமாய் கிராமத் தலைவர், பெர்தாம் வேலிக் குடியிருப்பாளர், எல்லோரும் உட்கார வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற கிராமப்புறத் திட்டச் சட்டப்படி, மாவட்டத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்டே ஆக வேண்டும். அந்த நாட்களில் மன்ற அலுவலகத்துக்குப் போய், வரைபடத்தில் தன் சரிவு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் போனால் போதும்.

2024 ஜனவரி 26 அதிகாலையில் புளூவேலிப் பக்கம் மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஐந்து மியன்மார் தொழிலாளர்கள் புதைந்தார்கள். இந்த மலையின் காய்கறி இன்று யார் கையால் வளர்கிறது என்பதை அந்தச் சாவு காட்டியது. மேசையில் அவர்களுக்காகப் பேசவும் ஒருவர் வேண்டும்.

அன்று மழை விட்டு வெகுநேரம் ஆகியும் கால்வாய் தெளியவில்லை. இந்தத் தண்ணீர் போகும் பாதையை, தெலோம் தடுப்பு, சுரங்கம், ஹபு, ரிங்லெட் என்று அந்தப் பெரியவரிடம் வரைந்து காட்டினேன். பெர்தாம் வேலியில் அவருக்கு யாரையும் தெரியாது, அந்தப் பக்கம் போய் வருடக்கணக்காகிறதாம். தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அணையில அடிக்கிற சைரன் இங்க வரைக்கும் கேக்குமா தம்பி?"

கேட்காது என்றேன். ஃபைலை மூடி, ஈரம் படாமல் உறையில் போட்டு, பலகைமேல் எடுத்து வைத்தார்.